பத்தியம் எதற்கு, பக்கவிளைவே இல்லையென்றால்?

வண்டிப்பெரியாறு கடைவீதியில் மைக் கட்டிய வேன் வந்து நின்றால் ஒரே பேச்சுதான்: "எல்லாம் இயற்கை, முன்னோர் தந்தது, பக்கவிளைவே கிடையாது!" பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வருஷக்கணக்காக இதைக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. முதுகுவலிக்குச் செந்தூரப் பொட்டலம் வாங்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போகிறவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

இயற்கையாம். ஈயமும் பாதரசமும் மண்ணில் கிடைப்பவைதான்.

இதில் நஞ்சு இருக்கிறது என்று சொல்வது அந்நிய மருந்துக் கம்பெனிகளின் சதியாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2008-ல் வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அமெரிக்காவில் தயாரானவற்றிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான்.

இங்கிலீஷ் மருத்துவமும் ரத்தப் புற்றுக்கு ஆர்சனிக் கொடுக்கிறதே என்பார்கள். கொடுக்கிறது; உடல் எடைக்கு மில்லிகிராம் கணக்குப் பார்த்து, ரத்தத்தையும் இதயத்துடிப்பையும் சோதித்துக்கொண்டே கொடுக்கிறது.

முன்னோர் பெயரை இழுப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பாஷாணம் 64 என்று வகுத்தவர்கள் சித்தர்கள். நஞ்சை நஞ்சென்றே பெயரிட்டவர்கள். சரக்குக்குச் சரக்கு சுத்திமுறை சொன்னார்கள். உலோகத்தைப் புடமிட்ட பற்பம் விரல் ரேகைக்குள் படிய வேண்டும், நீரில் மிதக்க வேண்டும், மறுபடி உலோகமாக உயிர்க்கக் கூடாது என்று சோதனை வைத்தார்கள். துணைமருந்து, அளவு, பத்தியம் எல்லாம் விதித்தார்கள். பாதரச மருந்து பிசகினால் ஈறு வீங்கி, வாய் வெந்து, எச்சில் ஒழுகும் என்பது நல்ல சித்த வைத்தியருக்குத் தெரியும்; அதற்கு முறிவு மருந்தும் தெரியும். பக்கவிளைவே இல்லாத மருந்துக்கு முறிவு ஏன்? பாதரசத்தையும் பாஷாணங்களையும் நஞ்சுப் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உண்ண வேண்டும் என்று லேபிளில் எழுதச் சொல்கிறது நம் சட்டமும். வேன்காரர் பொட்டலத்தில் லேபிளே இல்லை.

ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துக்கு 2006 ஜனவரி 1 முதல் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது மத்திய அரசு. வெளிநாட்டு உடம்புக்குக் காட்டிய அக்கறையை லயத்து உடம்புக்கும் காட்டட்டும். ஈயம் ரத்தசோகை தரும், வயிற்றைப் பிடிக்கும், கர்ப்பிணியின் ரத்தம் வழியே சிசுவுக்கும் போகும்.

சித்த மருந்து வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத பொட்டலத்தைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்காதீர்கள்.