நான்கு கைச் சாமியும் நான்கு கை யந்திரமும்

சேர்வராயன் மலைக்குப் போயிருந்த சமயம், ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பட்டணத்து ஆஸ்பத்திரியில் தானே வயிற்றை அறுத்துத் தைத்துவிடும் நான்கு கை யந்திரம் வந்திருக்கிறதாமே, அது தெய்வச் செயல்தானே?" என்றார். பரிகாசமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவியார், "அது எங்க மலைக்கு வருங்களா?" என்றார். முதல் கேள்வியைவிட இரண்டாவதே பெரிய கேள்வி என்பது நமது அபிப்பிராயம். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் நாம் சொன்ன பதில் அரைகுறையாய் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகின்றோம்.

அந்த யந்திரம் தானாக ஒன்றையும் அறுப்பதில்லை. டாக்டர், நோயாளிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வயிற்றுக்குள் விட்ட காமிராவின் படத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ளுகிறார். அமெரிக்காவில் 2000-ம் வருஷம் அனுமதி பெற்ற 'டா வின்சி' என்னும் யந்திரத்தில் கட்டை விரலையும் வேறொரு விரலையும் நாடா வளையங்களில் நுழைத்துக்கொள்ள வேண்டும். விரல்களைக் கூட்டினால் உள்ளே இருக்கும் சிறு இடுக்கி கூடும். மணிக்கட்டைத் திருப்பினால் அதுவும் திரும்பும். கைப்பிடியின் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்கிற்று என்று அளக்கும் கருவிகள் அதற்குள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை வாங்கி, டாக்டரின் கை மூன்று அங்குலம் நகர்ந்தால் இடுக்கி ஒரு அங்குலமே நகரும்படி சுருக்கி அனுப்புகிறது. கையின் நடுக்கத்தை வடிகட்டிவிடுகிறது. கை ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டால், காலால் ஒரு மிதியை அழுத்தி இணைப்பை விட்டு, கையை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம். டாக்டர் பார்க்கும் கூண்டிலிருந்து தலையை எடுத்துவிட்டாலோ, யந்திரக் கைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே இதில் தெய்வம் நுழைவதற்கு ஊசி முனை இடமும் இல்லை.

நம் கோவில்களில் நான்கு கைச் சாமிக்குப் பஞ்சமா? பன்னிரண்டு கைச் சாமியும் உண்டு. சங்கு, சக்கரம், வேல், சூலம் எல்லாம் பிடித்திருக்கும் அத்தனை கைகளில் ஒரு கையாவது ஓர் ஏழையின் பித்தப்பைக் கல்லை எடுத்ததுண்டா? சேர்வராயன் குகைக் கோவிலுக்கு வருஷந்தோறும் மே மாதத்தில் மலை ஜனங்கள் திரளாகக் கூடுகிறார்கள். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறதென்கிறார்கள். போகட்டும். அந்தக் குகை வழியாக இதுவரை ஒரு டாக்டரும் மேலே வந்ததில்லை. பெரிய ரண சிகிச்சை என்றால் நோயாளிதான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னால், "எல்லாம் நம் சாஸ்திரத்தில் முன்பே உண்டு" என்று கிளம்புவார்கள். 2014-ல் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்களே பிள்ளையாரின் யானைத் தலையை அக்காலத்து ரண சிகிச்சைக்கு அத்தாட்சியாகக் காட்டிப் பேசினார். சுசுருதர் பேரால் வழங்கும் நூலில் பூசணி, சுரை முதலிய காய்களில் அறுத்துப் பழகும்படி சொல்லியிருப்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை; மெச்சுகின்றோம். ஏனெனில் அது கைப்பழக்கம், மந்திரமல்ல. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை இந்நாட்டில் வளரவிட்டார்களா? வைத்தியன் வீட்டுச் சோறு உண்ணத் தகாதது என்று சொல்லுவது எந்த நூல்? மநுதர்மம் அல்லவா? ரத்தத்தையும் சீழையும் தொட்டுக் கட்டியையும் புண்ணையும் அறுத்து ஆற்றின நாவிதரையும், பிள்ளைப்பேறு பார்த்த அவர் வீட்டுப் பெண்களையும் தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கி வைத்தவர்கள், இன்று யானைத் தலையைக் காட்டிப் பெருமை பேசுகிறார்கள்! தொட்டவன் கையை இழிவென்ற நாட்டில் கைக்கேற்ற கருவி எப்படிப் பிறக்கும்?

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான். ஏற்காட்டில் கவாத்துக் கத்தரி பிடிக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தரியின் வாய் விரிகிற அகலத்துக்கு விரல் விரியாவிட்டால் சாயங்காலத்துக்குள் கை மரத்துப்போகும். குற்றம் கையிலா, கத்தரியிலா? கத்தரியை அளந்தவன் யார் கையை வைத்து அளந்தான் என்பதல்லவா கேள்வி? இதே சங்கதிதான் டாக்டர்களுக்கும். சிறு துவாரம் போட்டுச் செய்யும் ரண சிகிச்சைக் கருவிகளைப் பற்றி அமெரிக்காவில் 726 டாக்டர்களை விசாரித்து 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கையுறை அளவு ஆறரையும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அக்கருவிகளைப் பிடிப்பது அதிகக் கஷ்டமாயிருந்தது என்று அதில் கண்டார்கள். சிறிய கை பெரும்பாலும் யாருடையது? பெண்களுடையது. முத்துலட்சுமி அம்மையார் சென்னை வைத்தியக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் கருவி செய்பவனுக்கு "டாக்டர்" என்றால் ஒரு பெரிய ஆண் கையே கண்ணில் படுமானால் அதை என்னவென்று சொல்லுவது?

புது யந்திரக் கைப்பிடிகள் ஒரே மாதிரியும் அல்ல. இங்கிலாந்தில் செய்த 'வெர்ஸியஸ்' யந்திரத்தில் பிள்ளைகள் வீடியோ விளையாட்டுக்குப் பிடிப்பது போன்ற பிடி. 'ஹ்யூகோ' என்பதில் துப்பாக்கிப் பிடி போன்றது. டா வின்சியின் நாடாவை இறுக்கிக்கொள்ளலாம் என்பார்கள். இறுக்கலாம், ஆனால் நாடா விரலின் நீளத்தை வளர்க்காது. அன்றியும் பல வருஷகாலம் இந்தக் கைப்பிடிகளில் ஸ்பரிசம் என்பதே இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் பெண் பச்சையை விட்டுப் பழுத்ததைக் கிள்ளும்போது விரல் நுனியே அவளுக்குச் சொல்லிவிடுகிறது. டாக்டரோ நூலை இழுக்கும்போது அது அறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சியின் ஐந்தாவது மாதிரியில்தான் இழுப்பின் பலத்தைக் கைக்குத் திருப்பிச் சொல்லும் ஏற்பாடு வந்தது. கடவுள் ஒரே நாளில் படைத்தார் என்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக! மனிதன் குறையைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துத் திருத்துகிறான்.

ஆகையால் நாம் கேட்பது இது. சென்னை ஓமந்தூரார் தோட்டத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் 2022 மார்ச்சில் 34 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு இந்தச் சிகிச்சைப் பிரிவு திறந்தார்கள். ஏழைகளும் பயன்பெற சர்க்கார் செய்தது நல்ல காரியம். அது ஜனங்கள் வரிப்பணம். இனி வாங்கும்போது, விலையையும் கியாரண்டியையும் பார்க்கிறவர்கள் கையுறை அளவு ஆறு, ஆறரை உள்ள நம் பெண் டாக்டர்களை உட்காரவைத்து, நான்கு மணி நேரம் பிடித்துப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்லுவதை எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போட்டால் என்ன ஆட்சேபணை? இந்தியாவிலேயே 'மந்த்ரா' என்று ஒரு யந்திரம் செய்கிறார்கள். (பெயரைப் பாருங்கள்! அதிலும் மந்திரம் புகுந்துவிட்டது.) அவர்களாவது நம் ஜனங்கள் கையை அளந்து செய்யட்டும். ஆயுத பூசையன்று கைப்பிடிக்குக் குங்குமம் அப்புவதைவிட இது உபயோகமான வேலை.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருகின்றோம். 2001 செப்டம்பர் 7-ல் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சு டாக்டர், சமுத்திரத்துக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த ஒரு ஸ்திரீயின் பித்தப்பையை எடுத்தார். கை அசைந்து, அது படத்தில் தெரிய ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரமே ஆயிற்று. 2025 ஜனவரியில் குருகிராமில் இருந்துகொண்டு 286 கிலோமீட்டருக்கு அப்பால் ஜெய்ப்பூரில் இருதய ரண சிகிச்சையே செய்தார்கள். ஆகவே கைப்பிடி சென்னையிலும் நோயாளி மலையிலும் இருப்பது நடக்கக் கூடாத காரியமல்ல. ஆனால் அம்மா, உங்களை ஏமாற்ற நமக்கு மனமில்லை. அந்த ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் ஜெய்ப்பூரிலும் நோயாளியின் பக்கத்தில் டாக்டர்கள் நின்றார்கள்; மயக்க மருந்து கொடுப்பவர் நின்றார்; நர்சுகள் நின்றார்கள்; கம்பி அறுந்தால் கத்தியைக் கையில் எடுக்க ஆள் தயாராய் இருந்தது. யந்திரம் மலை ஏறுவதற்கு முன் அவர்கள் ஏறவேண்டும். அணையாத மின்சாரமும், ரத்தம் வைக்கிற பெட்டியும், ராத்திரியில் கதவு திறக்கிற ஆஸ்பத்திரியும் வேண்டும். அடுத்த தடவை ஓட்டுக் கேட்க மலைக்கு வருகிறவர்களிடம் முதலில் இவற்றைக் கேளுங்கள். நான்கு கை யந்திரத்தைப் பிறகு கேட்கலாம்.