மண்டை ஓட்டுப் பூச்சி எந்த ஊர்?

போன சித்திரையில் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். ராத்திரி திண்ணை விளக்கடியில் ஒரு பூச்சியைப் பார்த்துட்டு அலறிட்டான். உள்ளங்கை அகலம். முதுகில் மண்டை ஓடு வரைஞ்ச மாதிரி இருக்கும். பிடிச்சா 'கீச்'னு கத்தும்.

"மாமா, இது 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்துல வர்ற பூச்சி! அமெரிக்காவுலேர்ந்து இங்க எப்படி வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் அவனே போனில் தேடிச் சொன்னான். அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ்னு பேராம். 1991ல் வந்த அந்தப் படத்துலயே இது ஆசியப் பூச்சி, அமெரிக்காவில் கிடையாது, யாரோ முட்டையை வரவழைச்சு வளர்த்திருக்கணும்னுதான் துப்புக் கிடைக்குதாம். இந்தியா, இலங்கையிலிருந்து சீனா, ஜப்பான் வரைக்கும் அதுக்குச் சொந்த மண்ணு.

எங்களுக்கு அது எள்ளுப்புழு. விரல் நீளம், பச்சை உடம்பு, பக்கத்தில் சாய்வுக் கோடு, வாலில் ஒரு கொம்பு. எள்ளு இலையை மொட்டையாக்கும். அந்துப்பூச்சி ஆனபிறகு தேன்கூட்டில் புகுந்து தேன் திருடும். நல்லபிள்ளைன்னு நான் சொல்லல.

ஆனா அதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுறது தப்பு. நானும் ஒரு வருசம் பயந்து அடிச்சேன். புழு செத்தது, எள்ளுப்பூவில் மொய்ச்ச தேனீயும் கொத்தாச் செத்துக் கிடந்தது. அதோட விட்டுட்டேன். செடிக்கு அடியில் மிளகு மாதிரி புழுக்கை கிடந்தா மேலே புழு இருக்கும். கையால பொறுக்கிடலாம். மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழுவைக் கோடை உழவு வெளியே தள்ளும், மைனாவும் கொக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கும். என் அரைக் காணிக்கு இது போதும்.

நிசமாவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது மக்காச்சோளப் படைப்புழு. 2018ல் நம்ம நாட்டுக்குள்ள நுழைஞ்சு, அந்த வருசமே தமிழ்நாட்டுச் சோளக்காட்டையும் பிடிச்சது. அந்த அந்துப்பூச்சி சின்னதா, சாம்பல் நிறத்தில் சாதுவா இருக்கும். அதைப் பார்த்து ஒருத்தரும் அலற மாட்டாங்க.

அதனால பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பார்க்கப் பயமா இருக்குங்கறதுக்காக எதையும் அசலூர்னு முடிவு கட்டாதீங்க. மருந்தை எடுக்கறதுக்கு முன்னாடி, அது எந்த ஊர், இங்க அதைத் திங்கிறது எதுன்னு கேளுங்க. எங்க விவசாயிகளுக்கும் இதையேதான் சொல்வேன்.