பன் மாவுப் பொட்டலம் தேவையா?

வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் நிறைந்த ஊர். அவர்கள் வெயிலில் உழைத்து அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இப்போது அந்தப் பணத்தில் பங்கு கேட்கிறது, பன் மாவுப் பொட்டலம்! தண்ணீர் ஊற்று, பிசை, சுடு. இனிப்பு பன் தயார்!

உள்ளே இருப்பது என்ன? மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட். சிலவற்றில் பால் பவுடரும் உண்டு. மைதாவும் சர்க்கரையும் மளிகைக் கடைச் சரக்கு. ஈஸ்டும் தனியாகக் கிடைக்கிறது. அரை கிலோ மைதாவுக்கு உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம் போதும்.

இது பழைய அமெரிக்க வியாபாரம். பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் கம்பெனி கரும்புப்பாகு விற்று வந்தது. பாகை மாவோடு சேர்த்து உலர்த்தி, இஞ்சி கேக் மாவு ஆக்கியது. 1933-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றது. கெட்டிக்காரர்கள்!

பொட்டலம் வாங்கியும் சிலர் வீட்டில் பன் கல்லாகிவிடுகிறது. ஈஸ்ட் உயிருள்ள பொருள். கொதிக்கும் நீர் பட்டால் செத்துப்போகும். கை பொறுக்கும் சூடு போதும். பிசைந்து மூடி வைத்தால், நம் ஊர் வெக்கையில் சுமார் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகிவிடும்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பிச் சூடாக்குங்கள். அதன்மேல் தட்டை வைத்து மூடிச் சுடலாம்.

அளவு பழகுவதற்கு முதல் தடவை பொட்டலம் வாங்கட்டும், குற்றமில்லை. அடுத்த தடவை ஈஸ்ட் மட்டும் வாங்கினால் போதாதா?