இலாபத்துக்கு ஈகையென்று பெயரா?

ஈகை என்னும் சொல்லுக்கு வள்ளுவர் இட்ட எல்லை மிகத் தெளிவானது. இல்லாதவருக்குக் கொடுப்பதை ஒருபுறமும், திரும்பி வரும் என்ற கணக்கோடு கொடுப்பதை மறுபுறமும் அவர் பிரித்து வைத்தார். நம் காலத்தில் அந்த எல்லைக்கல் பிடுங்கப்படுகிறது. ஏழைக்கும் நன்மை, பணம் போட்டவருக்கும் இலாபம் என்று முழங்கும் 'சமூக முதலீடு' ஈகையின் இருக்கையில் வந்து அமர்ந்திருக்கிறது. முதலீட்டின்மேல் நமக்குப் பகை இல்லை. அது ஈகையின் பெயரைச் சூடிக்கொள்வதையே நாம் எதிர்க்கிறோம்.

வட்டி முழுவதையும் பாவமென்று தள்ளிவிடவும் நாம் வரவில்லை. 1462-ஆம் ஆண்டு இத்தாலியின் பெருஜியா நகரில், பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் ஏழைகளுக்கான அடகு நிதியம் ஒன்று தோன்றியது. கந்துவட்டிக்காரரிடமிருந்து எளியோரை மீட்பதே அதன் நோக்கம். ஊழியர் கூலிக்கும் நிர்வாகச் செலவுக்குமாக அத்தகைய நிதியங்கள் சிறு வட்டி வாங்கின. இது முறையா என்று இறையியலார் பல்லாண்டு வாதாடினர். 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் தீர்ப்பளித்தது: நிதியத்தின் செலவை ஈடுகட்ட வாங்கலாம், ஆதாயம் தேடி வாங்கலாகாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட இக்கோடுதான் இன்று அழிக்கப்படுகிறது.

அழிந்த விதத்தைப் பாருங்கள். 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கத் தொடங்கினார். 1983-இல் அது கிராமீன் வங்கியாயிற்று. கடன் பெற்ற பெண்களே அதன் பங்குகளில் பெரும்பகுதிக்கு உரிமையாளர் ஆயினர். 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் நோபெல் அமைதிப் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே மெக்சிகோவில் மற்றொரு கதை. 1990-இல் தொண்டு அமைப்பாகப் பிறந்த கம்பார்தாமோஸ், 2007-இல் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஏழைப் பெண்களிடம் ஆண்டுக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கிய அந்நிறுவனத்தின் பங்குகளை விற்றவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். யூனுஸே அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

அந்தக் காற்று நம் நாட்டிலும் வீசியது. தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அக்டோபரில், நுண்கடன் வசூல் நெருக்கடியால் ஏழைகள் தற்கொலை செய்துகொண்டதாக எழுந்த செய்திகளுக்கிடையே, ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழ்நாட்டிலும் கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவின் மற்றப் பெண்கள் கட்டியாக வேண்டும் என்ற ஏற்பாடு, அண்டை வீட்டாரையே கடன்காரராக்கிவிடுவதை நம் பங்குத்தளங்களில் கண்டுவருகிறோம்.

"நன்கொடையை மட்டும் நம்பினால் வறுமை தீருமா? பெருமூலதனம் வேண்டாமா?" என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. 2010-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் ஒரு புதுமுறை தொடங்கிற்று. குறுகிய தண்டனை முடித்து விடுதலையானோர்க்குத் துணைநிற்கத் தனியார் 50 இலட்சம் பவுண்டு முதலிட்டனர். மறுகுற்றம் 7.5 விழுக்காடாவது குறைந்தால் அவர்களுக்குப் பணம் திரும்பும் என்பது ஒப்பந்தம். 9 விழுக்காடு குறைந்தது. 2017-இல் முதலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு ஆதாயமும் கிடைத்தன. தோற்றிருந்தால் நட்டம் முதலிட்டவருடையதே. ஆகவே இதை நாம் பழிக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். மறுகுற்றத்தை எண்ணலாம்; எண்ணி விலையும் வைக்கலாம். பெற்ற பிள்ளைகளே கைவிட்ட முதியவரின் இறுதி இரவில் அருகிலிருந்து கைபிடித்துக்கொள்வதை எந்த அளவுகோலால் அளப்பது? தொழுநோயாளரின் புண் கழுவும் சகோதரிக்கு எந்தச் சந்தை முதலிடும்? அளக்க இயலாததைச் சந்தை காணாது. காணாததற்குப் பணமும் வராது. ஏழைகளுள்ளும் இலாபம் தரும் ஏழை, தராத ஏழை என்ற புதிய சாதிப் பிரிவு இவ்வாறுதான் பிறக்கிறது.

நம் நாட்டின் சமூகப் பங்குச் சந்தைக்கு 2022-இல் செபி விதிகள் வகுத்தது. அங்கே ஒருவகைப் பத்திரம் உண்டு. அதை வாங்கினால் வட்டியும் வராது, முதலும் திரும்பாது. நற்றமிழில் இதற்கு நன்கொடை என்று பெயர்! அங்கே கேட்கப்படும் கணக்கு ஒழுங்கை நாம் வரவேற்கிறோம். நம் திருச்சபை நிறுவனங்களும் அதைக் கற்கட்டும். ஆயினும், கொடுப்பதற்கும் சந்தை உடை தேவைப்படும் காலம் வந்துவிட்டதே என்று வருந்துகிறோம்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நுண்கடனின் பயனை ஏற்றுக்கொண்ட இடத்திலேயே, எளியோர் கந்துவட்டியிலிருந்து தற்காத்துக்கொள்ளத் துணைநிற்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அந்த வழியில் பொதுநிலையினராகிய உங்கள் முன் ஒரே ஓர் உரைகல்லை வைக்கிறோம். அறம் என்று சொல்லி யாரேனும் உங்கள் சேமிப்பைக் கேட்டால், "இது தோற்றால் நட்டம் யாருக்கு?" என்று வினவுங்கள். கொடுத்தவருக்கு என்றால் துணிந்து கொடுங்கள். வாங்கிய ஏழைக்கு என்றால், அது கடைத்தெரு வாணிகம். வாணிகத்துக்குரிய கண்டிப்போடு அதை ஆராயுங்கள். எதில் முதலிட்டாலும், 1833 முதல் வின்சென்ட் தே பவுல் சபையினர் செய்து வருவதுபோல், ஏழையின் வீட்டுக்கு நேரே நடந்து செல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பங்குதாரர் ஆகுமுன்னரே நாம் பங்குமக்கள்.