முப்பது நாள் உத்தியோகம்!

தோழா!

காய்ச்சலில் துவண்டு கிடப்பவனைக் காண வரும் வைத்தியர், வெப்பமானியைப் பார்த்து 'நூற்றிரண்டு' என்று குறித்துக்கொண்டு எழுந்து போய்விடுவதில்லை. "எத்தனை நாளாக?" என்று கேட்கிறார். நேற்றுக் கண்ட நூற்றிரண்டு வேறு. நாற்பது நாளாக இறங்காத நூறு வேறு. முன்னதற்குக் கஷாயம் போதும். பின்னதோ உயிரைக் குடிக்கும் நோயாகவும் இருக்கக்கூடும்.

நாட்டின் வேலைவாய்ப்புக்கு நாடி பார்ப்போர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. 2017-18ஆம் ஆண்டில் 6.1 விழுக்காடாக இருந்த வேலையின்மை, 2023-24இல் 3.2 ஆகிவிட்டதாம். கொட்டு முழக்கம்! கோலாகலம்! எத்தனை நாளாக வேலையில்லை என்று கேட்டார் உண்டா?

வெப்பமானியை நான் இழுத்தது உவமை அழகுக்காக அன்று. அக்கருவியைச் செய்த ஊர் நம் பழனி மலைத்தொடரில் இருக்கிறது. கோடைக்கானல்! அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980களில் பாம்பார் சோலையின் ஓரத்தில் எழுந்தது. பாண்ட்ஸ் கையிலிருந்து இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் ஊரின் காயலான் கடையில் கிடந்தது அம்பலமானதும், 2001இல் ஆலை மூடப்பட்டது. மூடியது சரியே; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உள்ளே உழைத்தவர்கள்?

உடல் கெட்டது என்றனர் தொழிலாளர். இல்லை என்றது நிறுவனம். 2006இல் தொடுத்த வழக்கு, 591 பேருக்கான உடன்பாடாக 2016இல்தான் முடிந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் மலை குறிஞ்சியால் நீலம் பூத்தது. உடன்பாடு கண்டு ஈராண்டு கழிந்து மீண்டும் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் மலருக்கு நாள் குறிக்க ஆள் உண்டு. வேலையிழந்தவனின் ஆண்டுகளை எண்ணத்தான் ஆளில்லை!

கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பப் பழகிய கை, அத்திறனை எங்கே கொண்டுபோய் விற்கும்? உலகிலேயே அத்தொழிலுக்கு அந்திமக் காலம். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிக்கு 2020 என்று கெடு வைத்தது. மலையில் மிஞ்சுவது 'சீசன்'. சித்திரையிலும் வைகாசியிலும் வாடகை வண்டி ஓட்டலாம், விடுதியில் பாத்திரம் துலக்கலாம், ஏரிக்கரையில் குதிரை நடத்தலாம். பிறகு?

பிறகுதான் கணக்கின் கண்கட்டு வித்தை! ஆண்டின் பெரும்பகுதியை வேலை தேடியே கழித்தவனாயினும், இடையில் 30 நாள் உழைத்திருந்தால், அந்த 3.2 விழுக்காட்டைத் தரும் கணக்கில் அவன் வேலையுள்ளவன். 2025 முதல் மாதந்தோறும் வரும் கணக்கிலோ, வாரத்தில் ஏதேனும் ஒருநாள் ஒருமணி நேரம் போதும். சரி, தேடிச் சலித்து, இனி வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டவன்? அவனுக்கு வேலையற்றோர் பட்டியலிலும் இடமில்லை. நாடகக்காரன் நான், வசனம் தீர்ந்த பாத்திரத்தைப் பக்கத் திரைக்குள் அனுப்பிவிடுவோம், அவையோர் மறந்துவிடுவர். ஆனால், திரைக்குப் பின்னே அந்த நடிகனுக்கும் பசிக்குமே, தோழா!

ஒரே ஆலையை நம்பிய ஓர் ஊரின் கதையை ஆஸ்திரியாவில் ஆராய்ந்து எழுதி வைத்தார்கள். மரியன்தால் என்பது அவ்வூர். நூற்பாலை மூடியபின், 1931-32இல் அங்கே சென்ற மேரி யகோடாவும் அவர் தோழர்களும், தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தனர். ஆடவர் நடை தளர்ந்திருந்தது. நூலகத்தில் கட்டணத்தை நீக்கியும், நூல் எடுப்போர் குறைந்தனர். நேரம் பெருகிய ஊரில் வாசிப்பு வற்றியது! நான் நம்புகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டுத் திண்ணையில் கிடந்த நாளில், முதல் மாதம் மூட்டை மூட்டையாகப் படித்தேன். ஆறாம் மாதம் நாளேட்டைப் பிரிக்கவும் கை எழவில்லை. ஒருவழியாக வேலை கேட்டுப் போன இடத்தில், "இத்தனை காலம் ஏன் சும்மா இருந்தாய்?" என்றார்கள். சும்மா இருந்ததே குற்றமாகி, மேலும் சும்மா இருக்கத் தண்டனை!

2010இல் அமெரிக்காவில், வேலையற்றோர் நூற்றுவரில் ஏறத்தாழ 45 பேர் அரையாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். அங்கே அந்த எண் தலைப்புச் செய்தி. இங்கே? 2006இல் தமிழகம் தொடங்கிய வேலையற்றோர் உதவித்தொகையை நான் போற்றுகிறேன். ஆனால், பொதுப் பிரிவில் அதைப் பெற, பதிந்துவிட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். ஐந்தாண்டுக் காத்திருப்பை இயல்பென ஏற்ற திட்டம் அது.

அடுத்த கிளைக் கூட்டத்திற்கு ஒரு வேலை தருகிறேன். உன் தெருவில் வேலையற்றோர் எத்தனை பேர் என்று மட்டும் எழுதி வராதே. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாகச் சம்பளம் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி வா. சம்பளமே வாங்காதவனுக்கு, படிப்பை முடித்த ஆண்டை எழுது.