சிலிண்டர் வந்தும் ஓயாத அடுப்புப் புகை

காற்று மாசு என்றதும் டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டமும், நகரத்து வரவேற்பறைகளில் இடம்பிடித்துவிட்ட காற்றுச் சுத்திகரிப்பான்களும்தான் விவாதத்துக்கு வருகின்றன. சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்பு வருகிறது ஆரம்பாக்கம். அங்கிருந்து பழவேற்காடு ஏரிக் கரையை ஒட்டிய மீனவக் குப்பங்களுக்குள் நுழைந்தால் அந்த விவாதம் வெகு தொலைவில் நடப்பதாகத் தோன்றும். இங்கே வீட்டுக்குள் இருக்கும் காற்றின் தரத்தைத் தீர்மானிப்பது அடுப்பு. எந்த அடுப்பு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அன்றைய வலையில் விழுந்த மீன்.

புள்ளிவிவரப்படி தமிழ்நாடு இதில் முன்னணி மாநிலம். 2006 சட்டமன்றத் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குறுதியைத் தொடர்ந்து ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கப்பட்டன. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 82.9% குடும்பங்கள் சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. தேசிய அளவில் இது 58.6%தான். ஆனால், இத்தகைய ஆய்வுகள் பதிவுசெய்வது ஒரு குடும்பத்தின் முதன்மை எரிபொருளை மட்டுமே. குப்பங்களில் நான் கண்ட வீடுகள் பலவற்றில் இரண்டு அடுப்புகள் இருந்தன. தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு. சோற்றுக்கும் வெந்நீருக்கும் வேலிகாத்தான் விறகு. முதலாவது அடுப்பு கணக்கில் ஏறுகிறது, இரண்டாவதின் புகை நுரையீரலில் ஏறுகிறது.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. புகை கெடுதல் என்பதை, கண்ணெரிச்சலோடு தினமும் ஊதுகுழலை ஊதும் பெண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிக்கல் பணம் வரும் முறையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ரூ.50 உயர்த்தப்பட்டபோது சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை ரூ.868.50 ஆனது. உஜ்வலா பயனாளிகளுக்கு 2023 அக்டோபர் முதல் ரூ.300 மானியம் உண்டு. ஆனால், முழு விலையையும் முதலில் கொடுத்தாக வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய விஷயமல்ல. ஒரு நாள் நல்ல இறால், மறுநாள் வெறும் வலை என்று வாழும் குடும்பத்துக்கு அவ்வளவு தொகையை ஒரே நாளில் எடுத்துவைப்பது வேறு கதை. விறகுக்குச் செலவு, உடலுழைப்பு மட்டுமே.

வடகிழக்குப் பருவமழைக் காலம் இந்த நெருக்கடியை இரட்டிப்பாக்குகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாட்களில் தொழிலுக்குப் போக முடியாது, சிலிண்டருக்குப் பணமும் இருக்காது. அதே நாட்களில்தான் விறகு ஈரமாகிறது. வெளியே எரிந்த அடுப்பு வீட்டுக்குள் வருகிறது. சாரலுக்காகக் கதவும் ஜன்னலும் அடைக்கப்படுகின்றன. வருமானம் அற்றுப்போகும் வாரமும் புகை மிகும் வாரமும் ஒன்றாக அமைவது தற்செயல் அல்ல.

பணத்தடை நீங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் பங்கேற்ற ‘ஹாபின்’ ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்கள் உள்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்புடன் எரிவாயுவும் இலவசமாக வீடு தேடி வந்தது. அவர்கள் விறகை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டனர். அவர்கள் சுவாசித்த பி.எம் 2.5 நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். விறகைத் தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 71. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வரம்பு 15.

அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்கக் கூடாது. 2022இல் வெளியான அதன் கட்டுரையின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எரிவாயுவால் பயனில்லை என்று இதை வாசிப்பது தவறு என்பது என் கருத்து. பல ஆண்டுகளாகப் புகையில் நின்ற உடலை, கர்ப்பம் தொடங்கிய பிறகு சில மாதங்கள் காப்பது காலம் கடந்த காப்பாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தனர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பக்கவாதம், இதய நோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை பெரும்பங்கு வகிக்கின்றன. இவை பல்லாண்டுப் புகையின் விளைவுகள்.

இடையில் வீடும் மாறிவிட்டது. கூரை வீட்டில் கீற்றின் இடுக்குகள் வழியே புகை கசிந்து வெளியேறும். கான்கிரீட் வீடு மழைக்கும் தீக்கும் பாதுகாப்பு. ஆனால், எதிரெதிர் ஜன்னலோ புகைபோக்கியோ இல்லாதபோது அது புகையை அடைத்துவைக்கும் பெட்டி. கொசுவுக்காகக் கதவைச் சாத்திச் சுருளைக் கொளுத்தினால் அதன் பங்கும் சேர்கிறது: ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகும் என்று 2003இலேயே ஓர் ஆய்வு கணக்கிட்டது. நல்ல கொசுவலைக்கு ஆகும் செலவு இதனோடு ஒப்பிட்டால் அற்பம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் தரப்படுகிறது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் தூய்மையான சமையலிடத்தையும் சேர்த்தே வீட்டின் பரப்பைக் கணக்கிடுகிறது. தவணையை விடுவிக்குமுன் வீட்டைப் பார்வையிடும் அதிகாரி, சமையலிடத்தில் புகை வெளியேற மேற்புறத் திறப்பு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். ஐந்து கிலோ சிலிண்டரை முழு மானியத்துக்குரிய விகிதத்தில், மானியம் கழித்த விலையிலேயே, குப்பத்து நியாயவிலைக் கடையில் கிடைக்கச் செய்யலாம். மீன் விற்ற பணம் கையில் இருக்கும் நாளில் வாங்கக்கூடிய அளவு அதுதான்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளின் காற்றை அளக்க ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அடுப்படியை அளப்பது எந்தத் துறையின் வேலையும் அல்ல. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்களது பதிவேட்டில் இன்னும் இரண்டு கேள்விகளுக்கு இடம் தரலாம்: இந்த வாரம் எத்தனை நாள் விறகு எரிந்தது, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?