கோடு போட்டவனே ஜெயிக்கிறான்

ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

ஓர் ஊரில் 100 ஓட்டு. 55 பேர் டீக் கட்சி, 45 பேர் காபிக் கட்சி. ஐந்து வார்டு, வார்டுக்கு 20 ஓட்டு. யார் கை ஓங்கும்? டீதான் என்பீர்கள். வார்டு எல்லையை வரையும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் வார்டில் 19 டீக்காரர்களை மொத்தமாக அடைத்துவிடுவேன், துணைக்கு ஒரே ஒரு பாவப்பட்ட காபிக்காரர். மிச்சமிருக்கும் 36 டீக்காரர்களை மற்ற நாலு வார்டுக்கும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்துப் போடுவேன். அங்கெல்லாம் காபி 11. முடிந்தது கதை. 45 ஓட்டு வாங்கிய காபிக்கு நாலு வார்டு, 55 வாங்கிய டீக்கு ஒன்று!

கள்ள ஓட்டு இல்லை. பூத்தில் கலாட்டா இல்லை. ஓட்டுக்கு நோட்டு இல்லை. ஒரு பென்சில் போதும்.

இது கற்பனை ஊர். ஆனால், ஊருக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவில் இதே வேலை சட்டப்படி நடக்கிறது. அங்கே பிரதிநிதிகள் சபைக்கு 435 இடங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். அடுத்தது 2026 நவம்பர் 3-ம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மாநிலமும் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைய வேண்டும். வரைவது யார்? பெரும்பாலான மாநிலங்களில் மாநில சட்டசபையேதான். அதாவது, அங்கே பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி. பரீட்சை எழுதுகிற பையனே கேள்வித்தாளும் தயாரிக்கிற மாதிரி.

வியாதி பழசு. 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்துப் போட்ட ஒரு வரைபடத்தில், ஒரு தொகுதி பல்லி மாதிரி வளைந்து நெளிந்து கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு கவர்னர் பெயரை ஒட்டி 'கெரிமாண்டர்' என்று கிண்டலடித்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. வியாதியும்தான்.

வட கரோலினாவைப் பாருங்கள். உங்கள் பெண்ணோ, பக்கத்து வீட்டுப் பையனோ ராலேயிலும் சார்லட்டிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கலாம். இரு கட்சிகளுக்கும் கிட்டத்தட்ட சம பலம் உள்ள மாநிலம் அது. 2024-ல் ஜனாதிபதி பதவிக்கு டிரம்ப்பை ஜெயிக்க வைத்த அதே ஜனங்கள், அதே நாளில் கவர்னராக ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், அன்றைக்கே பிரதிநிதிகள் சபைக்குப் போனவர்கள்? குடியரசுக் கட்சி 10, ஜனநாயகக் கட்சி 4.

2012-ல் இதைவிட மோசம். மாநிலம் முழுக்க சுமார் 51 சதவீத ஓட்டு வாங்கிய ஜனநாயகக் கட்சிக்கு 13-ல் 4 இடம்தான். 2016-ல் புது வரைபடம் போட்டபோது, அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒளிவுமறைவே வைத்துக்கொள்ளவில்லை. '10-க்கு 3 என்று வரைவோம். 11-க்கு 2 என்று வரைய வழியிருப்பதாகத் தெரியவில்லை' என்கிற ரீதியில் கமிட்டியிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே 10-க்கு 3 வந்தது. ஜோசியக்காரர்கள் இவரிடம் டியூஷன் போகலாம்.

அந்த வரைபடத்தில் ஒரு கோட்டை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. வட கரோலினா ஏ அண்ட் டி என்பார்கள். 1960 பிப்ரவரி 1-ம் தேதி, இதன் நாலு மாணவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் சாப்பாடு பரிமாறிய கடையில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். தெற்கு மாநிலங்கள் முழுக்க அந்தப் போராட்டம் பரவியது. 2016 வரைபடத்தில் தொகுதிக் கோடு அந்த வளாகத்துக்கு நடுவே ஓடும் லாரல் தெரு வழியாகப் போனது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஹாஸ்டல் என்றால் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் என்றால் வேறு. இரண்டிலும் அந்தப் பிள்ளைகளின் ஓட்டு கரைந்து போனது. ஓட்டுரிமையை யாரும் பறிக்கவில்லை ஐயா, அதன் எடையை மட்டும் உருவிக்கொண்டார்கள்.

கோர்ட் இல்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட், இது நியாயமாகத் தெரியவில்லைதான், ஆனாலும் கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவதைத் தடுப்பது மத்தியக் கோர்ட்டுகளின் வேலை இல்லை என்று கைகழுவியது. ஐந்துக்கு நாலு தீர்ப்பு. மாநில சுப்ரீம் கோர்ட் 2022-ல் தலையிட்டது. கோர்ட் போட்ட வரைபடத்தில் 7-க்கு 7 என்று வந்தது. அதே வருஷம் நீதிபதிகளுக்கும் தேர்தல் நடந்து கோர்ட்டில் பெரும்பான்மை மாறியது. 2023-ல் தீர்ப்பும் மாறியது. வரைபடமும் மாறியது. 2025 அக்டோபரில், கணக்கெடுப்பே இல்லாத வருஷத்தில், மறுபடியும் மாற்றினார்கள். இந்தத் தடவை குறி, 1992 முதல் கறுப்பினப் பிரதிநிதிகளையே அனுப்பிவரும் 1-வது தொகுதி. இலக்கு 11-க்கு 3. கவர்னரால் தடுக்க முடியாது. தொகுதி வரைபடத்தின் மீது அவருக்கு வீட்டோ அதிகாரம் கிடையாது!

'அவன் மட்டும் யோக்கியமா?' என்று குடியரசுக் கட்சிக்காரர் கேட்பார். கேள்வி நியாயம். மேரிலாண்டில் இதே வேலையைச் செய்தது ஜனநாயகக் கட்சி. 2025-ல் டிரம்ப் சொல்லி டெக்சாஸ் ஐந்து இடங்களுக்குக் குறிவைத்துக் கோட்டை மாற்றியதும், பதிலுக்கு கலிபோர்னியா தன் மக்கள் கமிஷன் வரைந்த வரைபடத்தை ஓரங்கட்டிவிட்டு ஐந்து இடங்களுக்குக் குறிவைத்தது. பழிக்குப் பழி. கேட்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால், எதிர் வீட்டுக்காரன் திருடினான் என்பதற்காக நான் பக்கத்து வீட்டில் திருடினால், பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர் ஆகிறார்களே தவிர, திருட்டு நியாயம் ஆகாது. டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி வாக்காளர் இழந்ததை, கலிபோர்னியா குடியரசுக் கட்சி வாக்காளரின் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

தோற்கிற கட்சிக்கு மட்டும்தான் நஷ்டம் என்றும் நினைக்காதீர்கள். முடிவு தெரிந்த தொகுதியில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. நிஜப் போட்டி, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வருவது கொஞ்சம் பேர், பெரும்பாலும் தீவிரக் கட்சி விசுவாசிகள். ஜெயித்தவர் அவர்களுக்குத்தான் பயப்படுவார். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் குறையைச் சொல்லப் போனால், அவரிடம் எதற்கு நின்று பேச வேண்டும்?

மருந்து இருக்கிறது. ஐயோவாவில் 1980 முதல் கட்சி சாராத அலுவலகம் வரைபடம் தயாரிக்கிறது. மிச்சிகனில் 2018-ல் மக்களே ஓட்டுப் போட்டு, சாதாரணக் குடிமக்கள் 13 பேர் கொண்ட கமிஷனைக் கொண்டுவந்தார்கள். 2025 டிசம்பரில் இண்டியானா செனட்டில் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலர் டிரம்ப்பின் நெருக்குதலையும் மீறிப் புது வரைபடத்தைத் தோற்கடித்தார்கள். மனசு வைத்தால் முடியும்.

நமக்கு எதற்கு இந்த அமெரிக்கக் கதை என்கிறீர்களா? தொகுதி மறுவரையறை என்றதும் 'தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம்?' என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே, 'கோட்டைப் போடுவது யார்?' என்றும் கேளுங்கள். நம் 2002 சட்டப்படி கமிஷனுக்குத் தலைவர் ஒரு சுப்ரீம் கோர்ட் நீதிபதி. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கூட உட்காரலாம், கருத்துச் சொல்லலாம். ஓட்டுப் போட முடியாது. இந்த ஏற்பாட்டிலும் புகார்கள் வராமல் இல்லை. 2022-ல் ஜம்மு காஷ்மீரில் நடந்த மறுவரையறையில் எழுந்தன. ஆனாலும், போட்டியிடுகிறவன் கையில் பென்சில் இல்லை என்ற அந்த ஒரு விஷயத்தை எந்தக் கட்சிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்த கட்சிக்காகவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராலேயிலிருந்து போன் வந்தால், 'அங்கே குளிரா, பனியா' என்று விசாரித்த பிறகு ஒன்று கேளுங்கள்: 'உன் வீடு இப்போ எந்தத் தொகுதிம்மா? போன தடவை எது?'

தெரியவில்லை என்று சொன்னால், அவளைத் திட்டாதீர்கள்.